நான்கு கிலோமீட்டர் நூல்

தக்ளி மறுபடி தலைகாட்டுகிறது. ஒரு துணிப்பையில் தக்ளி ஒன்று, நாலைந்து பஞ்சுப் பட்டை, ஒரு பொட்டலம் கடுக்காய்த் தூள், கொஞ்சம் படிகாரம், மஞ்சிட்டி வேர். வீட்டில் உட்கார்ந்தபடியே நூற்கலாம், சாயமும் போடலாம் என்று சொல்லி நகரத்து வார இறுதி வகுப்புகளில் இதைக் கையில் கொடுக்கிறார்கள். கூடவே மூன்று வாக்குறுதிகளும் வருகின்றன: உங்கள் துணியை நீங்களே உண்டாக்கிக்கொள்ளலாம், மனம் அடங்கும், பூமிக்கும் நல்லது. முதலாவது நடக்காது. இரண்டாவது ஆளைப் பொறுத்தது. மூன்றாவதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் நிற்காது. இருந்தும் இந்தக் கைவேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி. காரணம் வேறு. நூற்றுப் பார்த்தவருக்குத் துணியை மதிப்பிடத் தெரியும். துணி வாங்கும் நம்மில் பெரும்பாலானவர்களுக்கு அது தெரியாது.

கணக்கிலிருந்தே தொடங்குவோம். சாதாரணச் சட்டைத் துணியில் ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 20 இழை பாவிலும், 20 இழை ஊடையிலும் இருக்கும். ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால் பாவுக்கு 2,000 மீட்டர், ஊடைக்கு 2,000 மீட்டர், ஆக ஒரு சதுர மீட்டருக்கு 4 கிலோமீட்டர் நூல். நன்றாகப் பழகிய கை பழைய ராட்டையில் மணிக்கு 300, மிஞ்சினால் 400 மீட்டர் இழுக்கும். அப்படியானால் ஒரு சதுர மீட்டருக்கு நூற்க மட்டும் 10 முதல் 13 மணி நேரம். ஒரு சட்டைக்கு இரண்டு சதுர மீட்டர் வேண்டும். பஞ்சு கொட்டுவது, பட்டை போடுவது, பாவு ஓட்டுவது, கஞ்சி போடுவது, நெய்வது எல்லாம் இதற்குமேல். தக்ளியில் புதியவர் மணிக்கு 100 மீட்டரைத் தாண்டினாலே கெட்டிக்காரர். வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் ஒரு சட்டைக்கான நூல் சேர ஒன்பது மாதமாவது ஆகும். 'உங்கள் துணியை நீங்களே' என்கிற வாக்குறுதி இங்கேயே விழுந்துவிடுகிறது.

இது இன்றைய சோம்பேறித்தனத்தின் கணக்கு என்று யாராவது சொல்லக்கூடும். விடுதலைப் போராட்டத்தின் உச்ச வேகத்திலும் கணக்கு இதேதான். 1924இல் பெல்காமில் காந்தி தலைமையில் கூடிய காங்கிரஸ், உறுப்பினராக இருக்க விரும்புகிறவர் மாதம் 2,000 கஜம் நூல் தரவேண்டும் என்று விதித்தது. தானே நூற்றதாகவும் இருக்கலாம், இன்னொருவர் நூற்றதாகவும் இருக்கலாம். 2,000 கஜம் என்பது 1.8 கிலோமீட்டர். முரட்டு நெசவில்கூட அதில் ஒரு தோள் துண்டு முழுதாக வராது, பாதிதான் வரும். அந்தப் பாதித் துண்டுக்கான நூலைத் தேசத்துக்காகச் சிறை செல்லத் துணிந்தவர்களிடமிருந்தே வாங்க முடியவில்லை. ஓராண்டு முடிவதற்குள், 1925 செப்டம்பரில் நடந்த கூட்டத்தில், நூல் தரலாம் அல்லது நாலணா கட்டலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். அதே கூட்டத்தை ஒட்டித்தான் அகில பாரத சர்க்கா சங்கம் பிறந்தது. அரசியல்வாதிகளின் கை வேலைக்கு ஆகாது, கிராமத்துப் பெண்களின் கைதான் நூற்கும் என்கிற ஒப்புதல் அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே இருந்தது என்று நான் வாசிக்கிறேன்.

இயந்திரம் கை நூற்பை எப்படி வென்றது என்பதைப் பலரும் தவறாகவே நினைக்கிறார்கள். மில்லில் ஒரு கதிர் நிமிடத்துக்கு 15,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். 20ஆம் நம்பர் பாவு நூலுக்கு அங்குலத்துக்குச் சுமார் 18 முறுக்கு வேண்டும். நம்பரின் வர்க்கமூலத்தை நான்கால் பெருக்கினால் கிடைப்பது இந்த 18. மீட்டருக்கு 700 முறுக்கு. ஆக அந்தக் கதிர் மணிக்கு ஏறக்குறைய 1.3 கிலோமீட்டர் நூற்கும். கதிருக்குக் கதிர் ஒப்பிட்டால் மில், கையைவிட மூன்று நான்கு மடங்குதான் வேகம்! வித்தியாசம் எண்ணிக்கையில் இருக்கிறது. ஒரு ரிங் பிரேமில் ஆயிரத்துக்கும் மேல் கதிர்கள். ஒரு தொழிலாளி இப்படிப்பட்ட பல பிரேம்களைப் பார்த்துக்கொள்கிறார். 18ஆம் நூற்றாண்டில் லங்காஷயரில் ஹார்கிரீவ்ஸ் தொடங்கிவைத்ததும் இதைத்தான்: ஒரு சக்கரத்துக்குப் பல கதிர். இதே வழியில் கை ராட்டையைத் திருத்த காந்தியும் பார்த்தார். 1929இல் சர்க்கா சங்கம் நல்ல ராட்டைக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. பரிசை யாரும் வெல்லவில்லை. விடுதலைக்குப் பின் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஏகாம்பரநாதன், மில்லின் உருளைகளைச் சிறிதாக்கிக் கையால் சுற்றும் பெட்டிக்குள் அடக்கினார். அவர் பெயரைச் சுருக்கித்தான் அம்பர் சர்க்கா. இன்று கதர்க் கடையில் நாம் வாங்கும் துணியில் பெரும்பகுதி அதன் வழிவந்த பல கதிர் ராட்டைகளில் நூற்றது. ஒற்றைக் கதிரின் காலம் பிழைப்பாக முடிந்துவிட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர ஆசைப்படுவது யாருக்கும் நன்மை செய்யாது.

இந்த இடத்தில் தாகூரின் ஆட்சேபத்தைத் தவிர்க்க முடியாது. 1925இல் எழுதிய கட்டுரையில் அவர் ராட்டைப் பக்தியை நேரடியாகவே சாடினார். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் மனம் மந்தமாகும், எல்லாருக்கும் ஒரே வேலை என்பது மனிதரைச் சிறுமைப்படுத்தும் என்பது அவர் வாதத்தின் சாரம். காந்தி பதில் எழுதினார். ஆனால் என் மதிப்பில், அளவுக்காக நூற்பவரைப் பொறுத்தவரை தாகூர் சொன்னது சரி. இதற்கு நம் பள்ளிக்கூடங்களே சாட்சி. 1937 வார்தா மாநாட்டிலிருந்து கிளம்பிய ஆதாரக் கல்வித் திட்டம், பிள்ளைகளின் கைத்தொழில் பள்ளியின் செலவையே ஈடுகட்டும் என்று எதிர்பார்த்தது. அந்த எதிர்பார்ப்பு வந்ததும் தக்ளி வகுப்பு உற்பத்தி வகுப்பாயிற்று. எத்தனை நூல் என்று எண்ணினார்கள். எப்படிப்பட்ட நூல், ஏன் அறுந்தது, எந்தப் பஞ்சு ஏன் வழுக்குகிறது என்று கேட்க நேரமில்லாமல் போயிற்று. ஒரு தலைமுறைக்குத் தக்ளி என்றால் சலிப்பு என்று பதிந்ததில் வியப்பில்லை. வீட்டில் கற்பவருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. நூறு கிராமோடு நிறுத்திக்கொள்ளலாம். தாகூரின் ஆட்சேபம் அங்கே பலமிழக்கிறது. நூறு கிராமுக்குள் மனம் மந்தமாக வழியில்லை, அறுந்துகொண்டே இருக்கும் நூல் விடாது.

அந்த நூறு கிராமுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். இடது கையில் பட்டை, வலது கை விரல்களில் தக்ளியின் தண்டு. சுண்டிவிட்டதும் தக்ளி சுற்றுகிறது, இடது கை மெல்லப் பின்வாங்குகிறது, பட்டையிலிருந்து இழைகள் ஒன்றையொன்று வழுக்கிக்கொண்டு நீள்கின்றன. இழுத்த நீளம் ஒரே கனமாக இருக்காது, சில இடம் மெலிந்திருக்கும், சில இடம் புடைத்திருக்கும். முறுக்கு முதலில் மெலிந்த இடத்துக்குத்தான் ஓடும், ஏனென்றால் அதைத் திருக்குவது எளிது. முறுக்கேறிய அந்த இடம் இறுகிக்கொள்கிறது. புடைத்த இடத்தில் முறுக்கு குறைவு, ஆகவே இழைகள் இன்னும் வழுக்கும். இப்போது இன்னும் கொஞ்சம் இழுத்தால் புடைப்புதான் நீண்டு மெலிகிறது, பிறகு முறுக்கு அங்கே போகிறது. நூல் தன்னைத்தானே சமன்செய்துகொள்கிறது. பழகியவரின் கை செய்வதெல்லாம் அதற்கு நேரம் கொடுப்பதுதான். அவசரப்பட்டால் முறுக்கு போதாமல் இழை பிரிந்து கையோடு வந்துவிடும். தாமதித்தால் முறுக்கு மிஞ்சி, தளர்த்தியதும் நூல் சுருண்டு தன்மேலேயே பின்னிக்கொள்ளும்.

இதில் பஞ்சின் பங்கும் உண்டு. இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் மிகுதி கம்பளிக்கானவை. கம்பளி இழை விரல் நீளம் வரும், தப்பை மன்னிக்கும். நம் கரிசல் காட்டுக் கருங்கண்ணியின் இழை ஓர் அங்குலத்துக்கும் குறைவு. இரு கைக்கும் நடுவே இழுபடும் பஞ்சில் கொஞ்சம் இடைவெளி கூடினாலும் அறுந்துவிடும். கம்பளிக்கு எழுதிய பாடத்தை வைத்துக்கொண்டு பருத்தி நூற்று, தனக்குக் கைவரவில்லை என்று விட்டவர்கள் பலர் இருப்பார்கள். கடையில் கிடைக்கும் மருத்துவப் பஞ்சும் உதவாது. அதன் மெழுகை நீக்கி வெளுத்திருப்பார்கள், இழைகள் சீராக வழுக்காமல் சிக்கிக்கொள்ளும். மில்லுக்குப் போகும் பொதியில் இறுக்கி அழுத்திய பஞ்சும் அப்படியே கைக்குச் சரிப்படாது. விதை நீக்கி, அழுத்தாமல், வில்லால் கொட்டியோ பலகையில் சீவியோ போட்ட பட்டைதான் வேண்டும். கற்பதில் பாதி கஷ்டம் இந்தப் பட்டையைத் தேடிப் பிடிப்பது.

இதன் பலன் துணிக்கடையில் தெரியும். 'கைத்தறி' என்று எழுதிய துணியை விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், நூற்றவருக்குப் பாவு எது ஊடை எது என்பதும், நூல் கைராட்டையா மில்லா என்பதும் ஓரளவு புரியும். கைத்தறி என்றால் நெய்தது கை, நூல் பெரும்பாலும் மில்லில் வந்தது. கதர் என்றால் இரண்டும் கை. இந்த எளிய வேறுபாடு தெரியாமலேயே இரண்டுக்கும் ஒரே பெருமையைக் கொடுத்து வாங்குகிறவர்கள் ஏராளம். சில மில்கள் வேண்டுமென்றே புடைப்பு வைத்து 'கை நூல் தோற்றத்தில்' நூல் போடுகின்றன. செயற்கைப் புடைப்பு திடீரென்று தொடங்கித் திடீரென்று முடியும், கைப்புடைப்பு மெல்ல ஏறி மெல்ல இறங்கும். இதைப் படித்துத் தெரிந்துகொண்டால் மறந்துபோகும். விரலில் பட்டால் மறக்காது.

சாயத்துக்கு வருவோம். இங்கேதான் அதிகம் ஏமாற்று நடக்கிறது. பீட்ரூட்டில் ரோஜா நிறம், சிவப்பு முட்டைக்கோஸில் ஊதா என்று காணொளிகள் குவிந்துகிடக்கின்றன. பீட்ரூட் நிறம் பருத்தியைப் பிடிப்பதே இல்லை, இரண்டாவது சலவையில் தண்ணீரோடு போய்விடும். மஞ்சள் பிடிக்கும், ஆனால் வெயில் பட்டால் சில நாளில் வெளிறும். வெங்காயத் தோல், மாதுளை ஓடு போன்றவை நிற்கும், அதுவும் நூலைத் தயார்ப்படுத்தினால்தான். சலவைச் சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைக்க வேண்டும். வெள்ளை வெளேரென்று இருந்த நூலிலிருந்து தேநீர் நிறத்தில் தண்ணீர் வரும், அவ்வளவு மெழுகும் அழுக்கும் பருத்திக்குள்ளே இருக்கிறது. நூலைச் சுற்றிய சிட்டத்தை மூன்று நாலு இடத்தில் தளர்வாகக் கட்டியிருக்க வேண்டும், இறுக்கிக் கட்டினால் கட்டின இடம் வெள்ளையாகவே நிற்கும். பிறகு நூறு கிராம் நூலுக்கு 20 கிராம் கடுக்காய்த் தூள். கடுக்காயின் துவர்ப்பு பருத்தியில் ஒட்டிக்கொள்கிறது. அந்தத் துவர்ப்போடு படிகாரத்தின் அலுமினியம் சேர்கிறது. சாயம் வந்து அந்த அலுமினியத்தைப் பற்றிக்கொள்கிறது. நடுவே ஒரு படி விட்டுப்போனாலும் நிறம் வெறும் கறைதான். துருப்பிடித்த ஆணியை வெல்லத் தண்ணீரில் ஊறவைத்த கரைசல் கடுக்காயோடு சேர்ந்தால் கறுப்பு வரும், ஆனால் இரும்பு மிஞ்சினால் சில ஆண்டுகளில் நூலே இற்றுப்போகும்.

'இயற்கைச் சாயம் என்றாலே வெளுக்கும்' என்பது எதிர்ப்பக்கத்துச் சோம்பேறித்தனமான வாதம். சோழமண்டலக் கரையின் மணல்வாகான நிலத்தில் விளைந்த சாயவேர் கொண்டு சிவப்பேற்றிய சீட்டித் துணிகள் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவுக்குப் போயின. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் துண்டுகளில் இன்றும் சிவப்பு சிவப்பாகவே இருக்கிறது. அந்தக் கெட்டிச் சாயத்துக்காகத்தான் ஐரோப்பா அவற்றுக்கு அலைந்தது. அவுரி நீலமும் அப்படியே. நீலத் தொட்டியிலிருந்து எடுக்கும்போது நூல் பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும், காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். ஆழமான நிறம் வேண்டுமென்றால் நெடுநேரம் ஊறவைப்பதில் பயனில்லை, பலமுறை முக்கி எடுக்க வேண்டும். தகரை விதையும் சுண்ணாம்பும் போட்டுத் தொட்டியை நொதிக்கவைக்கும் பழைய தமிழக முறையை ஆரோவில்லில் இன்றும் செய்கிறார்கள். திண்டிவனம் வட்டாரத்தில் அவுரி இன்றும் பயிராகிறது. வீட்டில் செய்கிறவர் நீலம் ஒரு பங்கு, சுண்ணாம்பு இரண்டு பங்கு, பழச்சர்க்கரை மூன்று பங்கு என்கிற எளிய அளவோடு தொடங்கலாம். கையுறை இல்லாமல் சுண்ணாம்பில் கை வைக்கக் கூடாது, கண்ணில் தெறித்தால் வினைதான்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி 'இயற்கையா, செயற்கையா' என்பதன்று, 'இந்தச் சாயம் எவ்வளவு கெட்டி' என்பது. அதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். சாயமிட்ட நூலை ஓர் அட்டையில் சுற்றி, பாதியைத் தடித்த காகிதத்தால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் இரண்டு வாரம் வைத்துவிட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். இன்னொரு துண்டை வெள்ளைத் துணியோடு சேர்த்துச் சோப்புப் போட்டு அலச வேண்டும். இந்த இரண்டு சோதனையையும் தேறாத சாயத்தை 'இயற்கையின் அழகே மங்குவதுதான்' என்று விற்பவரிடம் ஏமாற வேண்டியதில்லை. அந்த வியாபாரத் தந்திரம் புதிதும் அன்று. 1950களின் கடைசியில் அமெரிக்காவுக்குப் போன மெட்ராஸ் கட்டம் போட்ட துணி சலவையில் சாயம் கழன்று புகார் குவிந்தபோது, சாயம் போவதையே அதன் சிறப்பாக விளம்பரப்படுத்தி, போகும் என்று உத்தரவாதமும் கொடுத்து விற்றார்கள். வாங்கியவர்களும் பெருமையோடு உடுத்தினார்கள்.

சுற்றுச்சூழல் வாதத்தை இனியும் தள்ளிப்போட முடியாது. சாயக் கழிவு என்ன செய்யும் என்பதை நொய்யல் கரையில் இருப்பவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுக் குட்டையாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொல்லும் அளவுக்கு நிலைமை போயிற்று. 1920களில் அதே திருப்பூர்தான் தமிழ்நாட்டுக் கதரின் தலைநகர் என்பது கொஞ்சம் கசப்பான நினைவு. ஆனால் வீட்டுச் சாயம் நொய்யலைக் காப்பாற்றாது. நூறு கிராம் நூலை வேகவைத்து, கடுக்காயில் ஊறவைத்து, படிகாரத்தில் முக்கி, சாயத்தில் காய்ச்சி, இரண்டு முறை அலச, ஒவ்வொரு தடவையும் மூன்று லிட்டர் என்றால்கூட 18 லிட்டர் ஆகிறது. கிலோவுக்கு 180 லிட்டர், சமையல் எரிவாயு தனி. ஆலையோடு ஒப்பிட்டுப் பெருமைப்பட இதில் ஒன்றுமில்லை. துத்தம், குரோமிய உப்பு போட்டு நிறம் ஏற்றச் சொல்லும் குறிப்புகளைப் பின்பற்றினால் வீட்டுச் சாக்கடைக்கே விஷம் போகும். ஊருக்கே துணி வேண்டும் என்னும்போது கழிவைச் சுத்திகரிக்கும் ஆலையும், அதைக் கண்காணிக்கும் அரசும்தான் விடை. சமையலறை அதற்கு மாற்றாக முடியாது. வீட்டில் சாயம் போட்டவருக்குக் கிடைப்பது, ஒரு நிறத்துக்கு எத்தனை வாளித் தண்ணீர் என்கிற கணக்கு. மூன்று மாதத்தில் தூக்கியெறியப்போகும் அடர்நீலச் சட்டையை வாங்கும்போது அந்தக் கணக்கு கொஞ்சம் உறுத்தும்.

கடைசியாக ஓர் ஆட்சேபம், எனக்கு மிகக் கனமாகப் படுவது. ஏழைப் பெண்கள் கை தேய நூற்ற வேலையை, வசதியுள்ளவர்கள் பொழுதுபோக்காக எடுத்து விளையாடுகிறார்கள் என்பது. உண்மைதான், இதை மறுக்க நான் முயலவில்லை. ஆனால் விளையாட்டாகக் கற்றவருக்குத்தான் ஒரு தொகை புலப்படும். கதர் நூற்பவருக்குச் சிட்டக் கணக்கில் கூலி, ஒரு சிட்டம் 1,000 மீட்டர். 2023 ஏப்ரலுக்கு முன்னால் அது ஏழரை ரூபாய். கதர் கிராமத் தொழில் ஆணையம் படிப்படியாக உயர்த்தி, 2025 ஏப்ரலில் 15 ரூபாய் ஆக்கியிருக்கிறது. ஒரு சதுர மீட்டருக்கு 4 சிட்டம், 60 ரூபாய். ஒரு சட்டைக்கு 120 ரூபாய். பல கதிர் ராட்டையில் ஒரே நேரத்தில் பல நூல் இறங்கும் என்பதால் மணிக்கணக்கு தக்ளியைப் போல இராது. ஆனாலும் ஒரு கிலோமீட்டர் நூல் என்றால் என்னவென்று விரல் நுனியில் உணர்ந்தவர் 15 ரூபாய் என்கிற எண்ணைச் சாதாரணமாகக் கடந்துபோக மாட்டார். அக்டோபரில் தள்ளுபடி வரட்டும் என்று கதர் வாங்கக் காத்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு இந்தத் தொகை தெரியும்?

ஆகவே வகுப்பு நடத்துகிறவர்களிடம் கேட்க வேண்டியது வேறு. முதல் நாளே நீலத் தொட்டியைத் திறந்து வேடிக்கை காட்ட வேண்டாம். சட்டை நெய்யலாம் என்ற ஆசையும் காட்ட வேண்டாம். நூறு கிராம் நல்ல கரிசல் பஞ்சுப் பட்டை, ஒரு தக்ளி, ஒரு மாத அவகாசம். வந்த நூலில் பாதியைச் சாயமில்லாமல் வைத்துக்கொண்டு மீதியை மாதுளை ஓட்டில் ஒன்று, மஞ்சிட்டியில் ஒன்று, மஞ்சளில் ஒன்று என்று தோய்த்து, மூன்றையும் வெயில் சோதனைக்கு வைக்கச் சொல்லட்டும். மஞ்சள் வெளிறுவதைக் கண்ணால் பார்ப்பது எந்தச் சொற்பொழிவைவிடவும் நல்ல பாடம். கதர்க் கடைகளிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. விலைச்சீட்டில் இப்போது விலையும் அளவும் இருக்கின்றன. நூல் எத்தனையாம் நம்பர், சாயம் எந்த வகை, அந்தத் துணிக்கு நூற்றவருக்குப் போன கூலி எவ்வளவு என்று இன்னும் மூன்று வரி சேர்க்க அச்சுக்கூலி அதிகமாகாது. அச்சிட்டால் படிக்க ஆள் இருப்பார்களா என்று நிர்வாகம் கேட்கும். நூற்றுப் பார்த்தவர்கள் படிப்பார்கள்.